ஐம்பத்தெட்டு கிலோ நானூறு கிராம்

நான்காம் தேதி, காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அப்பா நலம், நான் பித்தப்பை நீங்கலாக நலம். நீ முழுவதுமாக நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், முப்பத்து நான்கு வயதில் வேறெப்படி இருக்க முடியும்.

நேற்று மாலை ஆறேகால் மணிக்கு உன் அப்பாவும் நானும் கூடத்தில் கூடி, இரு தரப்பு வாதங்களையும் பொறுமையாகக் கேட்டு, ஆஸ்பத்திரிக்குப் பச்சைத் துண்டை எடுத்துச் செல்வதில்லை, பழுப்புத் துண்டையே எடுத்துச் செல்வது என்று முடிவு செய்திருக்கிறோம். பச்சை சாயம் விடும் என்பது என் வாதம். விட்டால் விடட்டும், அவர்கள் கட்டிலில்தானே ஒட்டும் என்பது அவர் வாதம். முப்பத்தெட்டு வருடத்தில் இவ்வளவு பெரிய விஷயத்தில் நாங்கள் ஒரே நாளில் உடன்பட்டது இதுதான் முதல் தடவை, அதனால் எழுத்திலேயே தெரிவிக்கிறேன். போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று பாதியில் நறுக்கிவிடுவாய், கடிதத்துக்குக் குறுக்கே பேச முடியாது.

அப்பா போனில் சொன்னதையெல்லாம் மறந்துவிடு. வயிற்றை யாரும் கிழிக்கப் போவதில்லை. இது லேப்ராஸ்கோப்பி, நாலு சின்ன ஓட்டை, தொப்புளருகே ஒன்று, விலாவுக்குக் கீழே மூன்று. வயிற்றுக்குள் காற்றடைத்து, ஓர் ஓட்டை வழியாகக் கேமராவை விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே பித்தப்பையை எடுத்துவிடுவார்களாம். கேமராவில் சரியாகத் தெரியாவிட்டால் பெரிதாகத் திறப்போம் என்பதற்குத் தனியாக ஒரு கையெழுத்து. உள்ளே ஏழு கற்கள். இருபத்தொன்பது வருடம் கடை கடையாக ஏறி இறங்கி எடைக்கற்களைச் சோதித்தவளைத் தேடிக் கற்களே வந்துவிட்டன என்று என் பழைய ஆபீசில் சிரிக்கிறார்களாம், சிரிக்கட்டும். அந்த ஆபீசில் இருக்கிற ஏழு பேரும் சேர்ந்து பிடிக்காத கள்ளத் தராசை நான் தனியாகப் பிடித்திருக்கிறேன்.

ஏற்பாடுகளும் நடக்கின்றன. முந்தின இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக் கூடாது, வெறும் தண்ணீர் மட்டும் விடிகாலை வரை. நகப்பூச்சு கூடாது, விரலில் மாட்டும் கிளிப் சரியாகக் காட்டாதாம். தொப்புளைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், இந்த வயதில் என் தொப்புளைப் பற்றி இத்தனை பேர் அக்கறைப்படுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இடுப்பை இறுக்காத உடுப்பு நாலு எடுத்து வைத்துவிட்டேன். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய் கொடுத்தார்கள், உறிஞ்சினால் பந்து மேலே ஏற வேண்டும். எனக்கு இரண்டு பந்து ஏறுகிறது. உன் அப்பாவுக்கு மூன்றும் ஏறுகிறது, அவருக்கு யாரும் ஆபரேஷன் செய்யப் போவதில்லை என்றாலும் தினமும் ஏற்றிக் காட்டுகிறார். ஊசி என்று சொன்னாலே நாற்காலி தேடுகிற மனுஷன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "ஆஸ்பத்திரியில போய் உன் இன்ஸ்பெக்டர் வேலைய ஆரம்பிச்சிடாதம்மா, சொன்னத கேட்டுட்டு பேசாம வா" என்று நீ போன வாரம் சொன்னாய். நானும் பேசாமல்தான் போனேன். திங்கட்கிழமை முன்பரிசோதனை, நர்ஸ் என்னை எடை மெஷினில் ஏறச் சொன்னாள். அறுபத்திரண்டரை கிலோ காட்டியது. அன்று காலை வீட்டில் ஐம்பத்தெட்டு கிலோ நானூறு கிராம். நம் வீட்டு மெஷின் பொய் சொல்லாது என்பது உனக்குத் தெரியும், சொன்னால் அது நம் வீட்டில் இருக்காது. குனிந்து பார்த்தேன், மெஷினின் பக்கவாட்டில் இருந்த சரிபார்ப்பு முத்திரை இரண்டு வருடத்துக்கு முன்பே காலாவதி. சொன்னேன். செருப்போடு ஏறியிருப்பீங்க என்றாள். செருப்பு வாசலில் இருந்தது. நாலு கிலோவுக்கு யாரும் செருப்பும் தைப்பதில்லை.

எடையைப் பார்த்து மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரிடம் போனேன், உன்னைவிடச் சின்னப் பையன். "நாலு கிலோல ஒண்ணும் ஆயிடாது ஆன்ட்டி, நாங்க பாத்துத்தான் குடுப்போம்" என்றான். ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்குப்பா ஏத்தி எறக்குறீங்க என்று கேட்டேன். சிரித்தான். சிரிப்பை நான் பதிலாக ஏற்றுக்கொண்ட வழக்கம் கிடையாது. சம்மதப் படிவத்தில் எடை என்ற இடத்தில் "கருவி சரிபார்க்கப்படவில்லை" என்று எழுதி, கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் உன் அப்பா, "மெஷின் தப்பா இருந்தா அது ஆஸ்பத்திரி கவலை, உன் கவலை பித்தப்பை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பேச்சு நியாயமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். அந்த ஆளுக்கு என் சர்வீசில் மூன்று தடவை அபராதம் போட்டிருக்கிறேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க எடைக்கல் மேடம், ரிட்டயர் ஆனாலும் எங்கள விட மாட்டீங்களா" என்றார். இந்தப் பெயரை முதுகுக்குப் பின்னால் இருபது வருடமாகக் கேட்டிருக்கிறேன், முகத்துக்கு நேராகக் கேட்டது அன்றுதான். உங்க கல்லு வேணும், ரெண்டு மணி நேரத்துக்கு என்றேன். பிறகு ஐந்து கிலோ கற்கள் நான்கைத் துடைத்து எடுத்து வந்து, "எல்லாம் இந்த வருஷ முத்திரை, நீங்களே பாத்துக்குங்க" என்று நீட்டினார். பார்த்தேன். நான்கும் சரி என்றேன். அவரிடம் அந்த வார்த்தையை நான் சொல்வது அதுவே முதல் தடவை, அவரும் அதை ரசித்துக் கேட்டார்.

நான் பளு தூக்கக் கூடாது என்பதால் நீ விட்டுப்போன சக்கரப் பெட்டியில் கற்களைப் போட்டு அப்பா இழுத்து வந்தார். அட்மிஷனுக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து வாசல்காரர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார், எனக்கு வேண்டாம், இந்தப் பெட்டிக்கு வேண்டுமானால் கொடுங்கள் என்றேன். மெஷினில் நான்கு கற்களையும் வைத்தேன். இருபது கிலோ இருக்க வேண்டியது, இருபத்தொன்று நானூறு. நர்ஸ் மெஷினைத் தட்டி, நகர்த்தி, மறுபடி வைக்கச் சொன்னாள். மறுபடியும் இருபத்தொன்று நானூறு. பொய்யிலும் ஓர் ஒழுங்கு. பிறகுதான் அவள் மெதுவாக, "மேடம், இதே மெஷின்லதான் குழந்தைங்களையும் ஏத்துறோம்" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற அந்தச் சின்ன டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, மேலதிகாரி அறைக்குப் போனான். நானும் வேறொரு மெஷினில் ஏறி, என் சொந்த எடையோடு, படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இதைப் படித்து நீ தலையில் அடித்துக்கொள்வாய். அடித்துக்கொள். நாலு பேர் முன்னால் மயங்கிக் கிடக்கப் போகிறவள், விழித்திருக்கும்போதாவது கண்ணைத் திறந்து வைத்திருக்கக் கூடாதா. உனக்காகப் பேசாமல் இருந்துவிடலாம் என்று அன்றிரவு கொஞ்சம் நினைத்தேன், பிறகு அந்த மெஷினில் எனக்குப் பின்னால் ஏறப் போகிறவர்களை நினைத்தேன், அதற்கு மேல் நினைக்க ஒன்றும் இல்லை.

நீ வருவதைப் பற்றி. வர வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். நீ டிக்கெட் எடுத்த பிறகு நான்காவது தடவை சொல்லவில்லை, கவனித்திருப்பாய். உன்னை நேரில் பார்த்து மூன்று வருடமாகிறது. ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை கூட வருவேன் என்றாய், எனக்குப் பயமில்லை, ஆனால் வா. அப்பா கதவு வரை வந்தால் அவரை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்காக.

நீ நீண்ட நாள் நல்லபடியாக, யாருக்கும் குனியாமல், நாங்கள் பார்த்து மகிழும்படி வாழ வேண்டும். இரவில் வெறும் ரொட்டியோடு படுக்காதே. பத்தொன்பதாம் தேதி வந்து இறங்குகிறாய், இருபத்திரண்டு ஆபரேஷன், இருபத்தேழு மாலை உன் விமானம். இதற்கு மேல் உன் ஆபீசில் ஒரு நாள்கூட லீவு கிடையாது என்றாய், கெஞ்சாதே, ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து நாள் எனக்குப் போதும். வரும்போது தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்கி வா, அந்த வார்டில் குளிரூட்டியை யாரோ நம்மைப் பழிவாங்க வைத்திருக்கிறார்கள்.

என்றும் அன்புடன், தன் எடை தெரிந்த
அம்மா

பி.கு. உறையை ஒட்டும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அந்த மெஷினில் ஏறிய எல்லோரையும் திரும்ப அழைத்து எடை பார்க்கிறார்களாம், அதனால் இருபத்திரண்டாம் தேதிப் பட்டியல் முழுவதையும் தள்ளி வைத்திருக்கிறார்கள். எனக்கு முப்பதாம் தேதி, காலை எட்டு மணி.