அக்கா பொருத்தாத குழாய்

அனுப்புநர்:
உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர்
(“சொட்டு” என்று கேட்டால் தெருவில் யாரும் வீட்டைக் காட்டுவார்கள்),
எண் 9, ஆறாம் தெரு.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் அலுவலகம்.

பொருள்: ஆறாம் தெரு, எண் 14, இரண்டாம் மாடி வீட்டின் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்பட்டது – தவறு செய்தவர் வேறொருவர் – இணைப்பைத் திரும்ப வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி வீட்டுக் கதவில் தங்கள் அலுவலகம் ஒட்டிய அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அந்த வீட்டில் என் அக்காவும் அத்தானும் வசிக்கிறார்கள். பேருந்து ஓட்டுநராக இருந்த அத்தான், பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டுகளாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று முறை விரிப்பு மாற்ற வேண்டும். குழாயில் தண்ணீர் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள். எனவே குளித்த தண்ணீரையும் துணி அலசிய தண்ணீரையும் அக்கா வாளியில் தூக்கிச் சென்று கழிப்பறையில் ஊற்றி வந்தார். ஒருநாள் வாளியோடு வழுக்கி விழுந்தார். அதன் பிறகுதான் நான் தலையிட்டேன்.

2. நான் செய்து கொடுத்த ஏற்பாடு இது: விரிப்பின் முதல் அலசல் நேராகச் சாக்கடைக்குப் போகும். அடுத்த அலசல்களும் குளியல் நீரும் வடிகட்டி வழியாக ஒரு பீப்பாயில் சேரும். அங்கிருந்து சின்ன மோட்டார் அதைக் கழிப்பறைக்கு மேலுள்ள தொட்டிக்கு ஏற்றும். அது போதாத நாட்களுக்காகக் குடிநீர்க் குழாயிலிருந்தும் அந்தத் தொட்டிக்கு ஒரு கிளைக் குழாய் வைத்தேன். அந்தக் கிளையின் வாய் தொட்டி விளிம்புக்கு ஒரு சாண் மேலே இருக்க வேண்டும், தண்ணீரைத் தொடவே கூடாது. இது தொழிலில் முதல் வாரம் படிக்கும் பாடம். முதலில் அப்படித்தான் வைத்தேன்.

3. அத்தானின் கட்டில் கழிப்பறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. மேலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தத்தில் பகலில் அவர் கண்ணயர்ந்தாலும் திடுக்கிட்டு விழித்தார். அக்கா இதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான் ஓர் அடிக் குழாயை எடுத்து அந்த வாயோடு ஒட்டித் தண்ணீருக்குள் முங்க வைத்தேன். சத்தம் நின்றது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, ஒரு டம்ளர் காபியும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

4. இரண்டு வாரங்களுக்கு முன் தெரு வால்வை மூடியபோது குழாயில் தண்ணீர் பின்வாங்கி, தொட்டியிலிருந்த சோப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு இறங்கியது. கீழ்வீட்டுத் தையல்காரர் குழாயைத் திறந்தால் நுரை. அதற்குள் அவருடைய பேத்தி ஒரு வாய் குடித்திருந்தாள். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. இப்போது குணமாகி ஓடியாடுகிறாள்.

5. தங்கள் ஆய்வாளர் வந்து, உரிமம் இல்லாமல் இதை மாட்டியது யார் என்று கேட்டார். அக்கா சொன்னார்: “நான்தான் சார் மாட்டினேன். தெரியாம பண்ணிட்டேன்.” ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆய்வாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஐயா, அப்போது நானும் அதே அறையில்தான் நின்றிருந்தேன். உரிமம் சட்டைப் பையில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

6. அன்று முதல் அக்கா தெருமுனைக் குழாயிலிருந்து குடம் சுமந்து முப்பத்தாறு படி ஏறுகிறார். தையல்காரரிடம் நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது நியாயம்தான். திட்டி முடித்ததும் இரண்டு குடத்தை எடுத்து அவரே மாடிக்குக் கொண்டுபோய் வைத்தார். துண்டிப்பை நீக்குவதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று இம்மனுவின் பின்புறம் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

7. எனவே, அறிவிப்பிலிருந்து அக்காவின் பெயரை நீக்கி என் பெயரைச் சேர்க்கவும், அவர் வீட்டுக்கு இணைப்பைத் திரும்பக் கொடுக்கவும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கிளையை நான் அறுத்து மூடிவிட்டேன். தங்கள் ஆட்கள் வந்து சோதிக்கலாம். அலசிய தண்ணீரைக் கழிப்பறைக்கு விடும் ஏற்பாட்டில் பிழை இல்லை, பிழை அந்த ஓர் அடியில் மட்டுமே. ஆகவே மீதியைப் பிடுங்கிவிட வேண்டாம். என்மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

8. இம்மனுவைப் பற்றி அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் கிழித்துப் போட்டுவிடுவார். தங்கள் ஆட்கள் வரும்போது, யார் மாட்டியது என்று அவரிடம் இன்னொரு முறை கேட்க வேண்டாம். மறுபடியும் அதையேதான் சொல்வார்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
அவருடைய தம்பி

இடம்: எண் 14, மாடிப்படி
நாள்: இணைப்பு துண்டிக்கப்பட்ட ஒன்பதாம் நாள்

இணைப்பு:
அறுத்தெடுத்த குழாய், ஓர் அடி.
என் உரிமம். நகல் அல்ல, அசல்.