ஆதி ஒளியில் ஒரு சுழல்

அன்புள்ள தாடிக்கு,

இங்கே நலம். நீயும் உன் தொலைநோக்கியும் நலமா? குளிர்காலம் தொடங்கிவிட்டால் உங்கள் துருவப் பனிவெளிக்கு விமானமே கிடையாது என்பதால், கடைசி விமானத்தில் எப்படியாவது இதை ஏற்றிவிட வேண்டுமென்று அவசரமாக எழுத உட்கார்ந்தேன். அவசரம் என்று பேர்தான். காலையிலிருந்து சன்னலோரம் மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அறை முழுக்கச் சாம்பல் வெளிச்சம். எதிர்வீட்டுச் சுவர், மரம், மின்கம்பியில் தொங்கும் துளிகள் எல்லாம் கொஞ்சம் தள்ளி மிதப்பதுபோல் இருக்கின்றன.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தாகிவிட்டது. அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். உன் அம்மாவாயிற்றே, அவர்கள் தொடர் நாடகத்தின் விளம்பர இடைவேளையில் மட்டும் நடக்கிறார்கள். மாடிவீட்டு அம்மா என்னை ஓரங்கட்டி, “உங்க வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?” என்று கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை உன் அழைப்பு வந்ததும் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டு நான் மொட்டைமாடிக்கு ஏறிவிடுகிறேன் அல்லவா, அதைப் பார்த்திருக்கிறார். அவருக்கு என்னவென்று விளக்குவேன்? உங்கள் குழு முடிவை அறிவிக்கும்வரை வெளியாளிடம் மூச்சுவிடக் கூடாது என்று நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். வெளியாட்களிலேயே ஆபத்தான ஆள் உன் பெண்டாட்டி. நீங்கள் சோதித்துப் பார்ப்பது அவளுடைய கோட்பாட்டை. “உம்” என்று நீ இழுக்கிற இழுப்பிலேயே எனக்குப் பாதி விளங்கிவிடும் என்பதால்தானே அறிவிப்பு வரும்வரை பேச்சே வேண்டாம் என்று தீர்மானித்தோம்.

ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. நீ சொல்லித் தெரியவில்லை, அதனால் பதறாதே.

போன ஞாயிறு உன் அழைப்பு முடிந்து நான் கீழே இறங்கி வந்தேன். அத்தை துவைத்த போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் அப்படியொரு பூரிப்பு. என் கையிலிருந்த வாளியை வெடுக்கென்று பிடுங்கி வைத்துவிட்டு, என்னை உட்காரச் சொல்லி, தானே பால் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, “எத்தனை நாளா இருக்கு? என்கிட்ட சொல்ல என்னம்மா வெட்கம்?” என்றார்கள்.

நீ அவர்களிடம், “அவளைக் கொஞ்சம் பார்த்துக்கோம்மா. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. தனியா விட்டுடாதே” என்றாயாம். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட அப்படிச் சொல்லாத பிள்ளை சொன்னால் ஒரு தாய் வேறு என்ன நினைப்பாள்? நீ கிளம்பிச் சில மாதங்கள்தானே ஆகின்றன. அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரியாக வந்திருக்கிறது.

எனக்கு வந்த கணக்கு வேறு. மூடி வைத்திருந்த முடிவை உங்கள் குழு திறந்து பார்த்துவிட்டது. நான் கணித்த சுழல் அதில் இல்லை. என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதற்கு உனக்கு வேறு காரணமே கிடையாது.

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொன்னதும் அத்தையின் முகம் விழுந்துவிட்டது. பிறகு அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று விடாமல் கேட்டார்கள். சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது. அவர்கள் மடியிலிருந்த போர்வையை வாங்கி, நாம் நடமாடும் திசைகள் போக, இப்படி மடிந்து மடிந்து கண்ணுக்கே எட்டாமல் போன திசைகளும் உண்டு, இழைக் கோட்பாடு சொல்வது அதைத்தான் என்றேன். உலகத்தின் தொடக்கத்தில் அதில் ஒரு மடிப்புப் பிரிந்ததால்தான் எல்லாம் ஒரே மூச்சில் விரிந்தது என்பது என் கணக்கு. ஒவ்வொரு துகளுக்கும் கண்ணில் படாத ஒரு ஜோடி உண்டு; அதற்குப் பேர் சூப்பர்சிமெட்ரி. அந்த ஜோடிகள் துகள் தேடும் நம் இயந்திரங்களுக்குச் சிக்காத கனம் என்றால், அன்றைய விரிவும் மூர்க்கமாக நடந்திருக்கலாம்; அந்த நடுக்கம் உலகின் முதல் ஒளியில் சின்னச் சுழலாகப் பதிந்திருக்கும். அதைத்தான் உங்கள் பிள்ளை பனியில் உட்கார்ந்து தேடுகிறார் என்று முடித்தேன்.

அத்தை பொறுமையாகக் கேட்டார்கள். “இவ்வளவு மடிச்சு வெச்சா யாராலதான் தேட முடியும்?” என்றார்கள். போர்வையைத் திரும்ப வாங்கிக்கொண்டே, “அப்போ அங்க ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டார்கள்.

இல்லை போலிருக்கிறது என்றேன்.

“இங்கயும் இல்லை” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களுக்கும் வந்தது. பிறகு இருவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மீதிப் போர்வைகளை மடித்து முடித்தோம்.

நான் அழவில்லை. படுத்துத் தூங்கினேன். கனவில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் நடுவே நடந்து போகிறேன். ஒவ்வொரு துணிக்கும் பின்னால் யாரோ என்னோடு அடிக்கு அடி நடப்பதுபோல் ஒரு நிழல். விலக்கிப் பார்த்தால் ஆளில்லை. அடுத்த துணியில் மறுபடி அதே நிழல். அலுக்கவே இல்லை. அப்புறம் காற்று கிளம்பி எல்லாத் துணிகளையும் பறவைக்கூட்டம்போல் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்தது வெறும் வெளி. அது இவ்வளவு அழகாக இருக்குமென்று எனக்குத் தெரியாது. விழித்தபோது மழை ஓய்ந்து சுவரில் ஈர வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நான் யார், எந்த ஊர் என்றே நினைவில்லை.

மறுநாள்தான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. என் ஆராய்ச்சி மாணவியின் ஆய்வேடு முழுக்கச் சுழல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. இந்த மாதக் கடைசியில் சமர்ப்பிக்க வேண்டும். நான் வாயைத் திறந்தால் உன் வாக்கு கெட்டதாகும். மூடிக்கொண்டால் அவள் உழைப்பு பாழ். கேன்டீனில் காபியை ஆற்றியபடி, ஆய்வேட்டுத் தேர்வாளர் எவரும் கேட்கக்கூடிய கேள்வியாகக் கேட்டேன்: சுழல் இல்லையென்றால் என்ன செய்வாய்? அவள் என்னை உற்றுப் பார்த்து, “சார் ஏதாவது சொன்னாரா மேடம்?” என்றாள். அவர் என்னோடு பேசியே மாதக்கணக்காகிறது என்றேன். அது உண்மைதானே.

அவள் தயங்கித் தயங்கி, “அந்த அத்தியாயத்தைப் போன வருஷமே எழுதிட்டேன் மேடம். உங்களுக்கு மனசு கஷ்டமாயிடும்னு காட்டலை” என்றாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். சுழல் இல்லையென்றால் உலகம் நிதானமாக விரிந்திருக்க வேண்டும். அப்படியானால் அந்த ஜோடிகள் நான் அடம்பிடித்த அளவுக்குக் கனமாக இருக்க வேண்டியதில்லை, நமக்குப் பக்கத்திலேயேகூட இருக்கலாம் என்கிறாள். தப்புத் தேடினேன். அகப்படவில்லை. அப்படியே சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டேன். பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஏதோ கணக்கை இன்னொரு தடவை சரிபார்க்கச் சொல்லிவிட்டுச் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று அத்தை சொன்னார்கள். அது எத்தனையாவது தடவை என்று நான் கேட்கப்போவதில்லை. எதற்காக என்றும் கேட்கப்போவதில்லை. ஒருவேளை நான் நினைப்பதெல்லாம் தப்பாகி, வெறுமனே என் நினைப்பு வந்து அப்படிப் பேசினாயோ என்னவோ. அப்படியென்றாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

இனி உனக்குச் சூரியன் வர மாதங்கள் ஆகும். காதையும் விரல்களையும் மூடிக்கொள். உன் கண் தெளிவாக இருக்கட்டும். பழைய வெளிச்சம் எப்படி வந்து சேர்கிறதோ அப்படியே அதை வாங்கிக்கொள். எனக்காக அதில் எதையும் தேடாதே. இல்லாததை இல்லையென்று எழுதிக் கொடுத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கு.

உன் வரவை எண்ணியிருக்கும்,
உன்னவள்