நிறைந்த பற்றறியுடன் ஹுன்னஸ்கிரியவிலிருந்து இறங்கவிருக்கும் இருபத்திரண்டு மோட்டார் சைக்கிள்கள்

அனுப்புநர்:
எம்.எஸ்.எம். முனாப்,
மொத்த முட்டை வியாபாரி,
மஹியங்கனை வீதி,
பல்லேகல.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
கண்டி.

விடயம்: எதிர்வரும் சனிக்கிழமை (23.08.2025) ஹுன்னஸ்கிரியவில் கையளிக்கப்படவுள்ள மின்சார மோட்டார் சைக்கிள்களை, இறக்கத்தில் பரிசோதித்துப் பார்க்கும் வரை ஓட்ட விடாது நிறுத்தி வைத்தல்.

கனம் ஐயா,

1. தோட்டங்களில் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களை நடத்தும் பெண்கள் இருபத்திரண்டு பேருக்கு, ஒரு நலன்புரி அமைப்பு சனிக்கிழமை காலை மின்சார மோட்டார் சைக்கிள்களை அன்பளிப்புச் செய்கிறது. சாவிகளைத் தாங்களே கையளிப்பதாக அழைப்பிதழில் கண்டேன். அந்தச் சாவிகளைப் பற்றித்தான் இந்த மனு. இன்று திங்கட்கிழமை. தபாலை நம்பாமல் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

2. நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. சைக்கிள் கரியரில் முட்டைத் தட்டைக் கட்டிக்கொண்டு கண்டித் தெருக்களில் கடை கடையாக ஏறி இறங்கித்தான் இந்த வியாபாரத்தைப் பிடித்தேன். இன்று பல்லேகல முதல் ஹுன்னஸ்கிரிய வரை கடைகளுக்கு முட்டை கொடுப்பவன் நான். மோட்டார் சைக்கிள் விற்பவன் அல்ல. விற்கும் எவருடனும் எனக்குப் பங்கும் இல்லை. இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு; கீழே பத்தாம் பந்தியில் வரும்.

3. பெற்றோல் வரிசையில் நின்ற காலத்தை நான் மறக்கவில்லை. அதனால் இம்முறை விநியோகத்துக்கு மின்சார மோட்டார் சைக்கிள் எடுப்போம் என்று, மூன்று கம்பனிகளின் வண்டிகளை ஒரு வாரத்துக்கு ஒன்றாகக் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்தேன். கம்பனிகளின் பெயர்களை இங்கே எழுதவில்லை. யாருடைய வயிற்றிலும் அடிப்பது என் நோக்கமல்ல. தாங்கள் கேட்டால் தனியாகத் தருகிறேன். இங்கே வெள்ளை, பச்சை, நீலம் என்று நிறத்தைச் சொல்லி எழுதுகிறேன்.

4. விளம்பரத்தில் போடும் கிலோமீற்றர் கணக்கு எனக்கு வேண்டாம். பின்னால் முட்டைத் தட்டுகளை ஏற்றி, பல்லேகலவிலிருந்து ஹுன்னஸ்கிரிய மேலே போய், அதே பாதையில் கீழே வர வேண்டும். எத்தனை முட்டை உடைகிறதோ அதுதான் என் மதிப்பெண். ஓட்டியவர் சந்திரகுமார். பல வருடமாக என்னிடம் விநியோகம் செய்பவர், வீடு ஹுன்னஸ்கிரியவில் ஒரு தோட்டத்து லயம். வெள்ளை வண்டிக்கு முன்னும் பின்னும் பெரிய பிரேக். ஆனால் ஒவ்வொரு குழியிலும் தட்டுக்கு ஒரு முட்டை போனது. பச்சையில் பாட்டுக் கேட்கலாம், போனில் சாவி போடலாம், பின்னாலும் ஓட்டலாம். தெல்தெனியவில் ஒரு மழைக்கு நின்றுவிட்டது. லொறி அனுப்பித் தூக்கிவந்தோம். நீலம் மூச்சு வாங்காமல் ஏறியது. இறங்கும்போது கைப்பிடியைத் தளர்த்தினால் போதும், மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தியது. ஒரு முட்டையும் உடையவில்லை. "மொதலாளி, பிரேக்கயே தொடத் தேவல்ல. யாரோ பின்னால சட்டையப் புடிச்சு இழுத்துக்கிட்டே வர்ற மாதிரி இருக்கு" என்றார் சந்திரகுமார். நீலம்தான் என்று அன்றே முடிவெடுத்தேன்.

5. பரிசோதனை வாரம் முடியவில்லை என்பதால், அந்தச் சனிக்கிழமை நீல வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். ஞாயிறு இரவு அவருடைய மனைவி லோஜினி அதைச் சார்ஜில் போட்டிருக்கிறார். காலையில் வேலைக்குப் போகிறவருக்கு வயிறும் பற்றறியும் நிறைந்திருக்க வேண்டும் என்று நினைத்த மனைவியைக் குறை சொல்ல முடியாது. திங்கள் காலை வீட்டிலிருந்து இறங்கிய சந்திரகுமார், தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே உள்ள முதல் பெரிய வளைவில் திரும்பவில்லை. மேட்டுப் பக்கத்து வடிகானில் விழுந்தபடியால் தோள் எலும்போடு போயிற்று. மற்றப் பக்கம் விழுந்திருந்தால் இந்த மனுவை வேறு விதமாக எழுதியிருப்பேன். அந்தப் பக்கத்தில் முழங்கால் உயரக் கல்கட்டு ஒன்று இருக்கிறது, அதற்கு அப்பால் வெறும் மரத்தலைகள்.

6. ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மொதலாளி, அந்தக் கை இல்ல." மருந்து மயக்கம் என்று நினைத்தேன். வேகமாக வந்திருப்பான், தூங்கி வழிந்திருப்பான் என்றுதான் ஊரில் எல்லோரும் பேசினார்கள். வண்டி தந்த கடையின் விற்பனையாளர் அமான், என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுபவர், நேரில் வந்து பார்த்தார், பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார், முற்றத்தில் இரண்டு சுற்று ஓட்டினார். "வண்டியில ஒரு பிழையும் இல்ல நானா. ஓட்டத் தெரியாத ஆளுக்கிட்ட குடுத்தா வண்டி என்ன செய்யும்?" என்றார். நான் மறுத்துப் பேசியபோது சிரித்தார். "நீங்க முட்டையப் பத்திச் சொல்லுங்க நானா, கேட்டுக்கிறன். மோட்டரப் பத்தி நாங்க சொல்றம்."

7. எனக்கு அந்தப் பேச்சு உறுத்தியது. சந்திரகுமார் என் முட்டைகளை இத்தனை வருடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்; கண்ணை மூடி ஓட்டுகிறவர் அல்ல. வண்டியைத் திருத்தி, லொறியில் ஏற்றி, ஹுன்னஸ்கிரியவில் எனக்குத் தெரிந்த கடையில் இறக்கினேன். இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றச் சொன்னேன். மறுநாள் காலை பஸ்ஸில் போய் நானே எடுத்தேன். நடக்கிற வேகத்தில்தான் இறங்கினேன், ஐயா. இறக்கம் தொடங்கியதும் கைப்பிடியைத் தளர்த்தினேன். ஒன்றும் பிடிக்கவில்லை. வண்டி என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. இரண்டு கையாலும் அதன் சின்னப் பிரேக்குகளை நெரித்தேன். வளைவுக்கு முன்பே கருகிய வாடை வந்தது. சேற்று ஓரத்தில் இறக்கி, காலை ஊன்றித்தான் நிறுத்தினேன். பிறகு வண்டியை மேலே திருப்பி, பற்றறி கொஞ்சம் குறையும் வரை ஏற்றத்திலேயே அங்கும் இங்கும் ஓட்டினேன். மறுபடி அதே வளைவுக்கு இறங்கினேன். இம்முறை பின்னாலிருந்து அந்தக் கை பிடித்தது. சந்திரகுமார் மயக்கத்தில் பேசவில்லை என்று அந்த இடத்தில்தான் விளங்கியது.

8. கம்பனியின் கொழும்புக் கிளையில் இஞ்சினியர் ஒருவரைப் போனில் பிடித்தேன். அவர் ஒளிக்கவில்லை. இறக்கத்தில் மோட்டார் வண்டியைப் பிடிக்கும்போது அதிலிருந்து வரும் மின்சாரம் பற்றறிக்குத்தான் திரும்பப் போகிறதாம். பற்றறி நிறைந்திருந்தால் போக இடமில்லை; அதனால் பிடியை வண்டி தானாகவே விட்டுவிடுமாம். நிறைந்த தட்டில் இன்னொரு முட்டை வைக்க முடியாதது போல என்று நான் விளங்கிக்கொண்டேன். "இதை ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "கொழும்பில இதுவரைக்கும் ஒருத்தரும் கம்ப்ளைன் பண்ணல்லியே" என்றார். கொழும்பில் இறக்கம் எங்கே இருக்கிறது, ஐயா? எங்கள் பக்கத்தில் வீடு மேலே, வேலை கீழே. இரவு வீட்டில் சார்ஜ் ஏற்றி, காலையில் நிறைந்த பற்றறியோடு இறங்குவதுதான் இங்கே எல்லோரும் செய்யப்போவது. கண்டியிலிருந்து ஏறிப் போய் இறங்கிப் பார்க்கிறவர்களுக்கு, ஏற்றத்திலேயே பற்றறி குறைந்துவிடுவதால், இந்தக் குறை ஒருநாளும் தெரிய வராது. எனக்கும் அப்படித்தான் தெரியாமல் போயிற்று.

9. இதற்குள் இன்னொரு விபத்து நடந்துவிட்டது. சுகிர்தா என்ற ஆசிரியை, தோட்டத்தின் மேற்பிரிவில் குடியிருப்பவர், அதே நீல வண்டியைப் புதிதாக வாங்கியவர். காலை, பள்ளிக்கூடம் போகும் வழி, அதே வளைவு. அந்த முழங்கால் உயரக் கல்கட்டில் மோதியதில் வண்டி மட்டும் கீழே போனது. அவருக்குக் கால் முறிவு. பார்க்கப் போனேன். வண்டி கீழே விழுந்த சத்தம் வர எவ்வளவு நேரமானது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். முந்திய இரவு எவ்வளவு சார்ஜ் ஏற்றினீர்கள் என்று கேட்டேன். "முழுக்கத்தான். ஏன், குறைவா ஏத்தி இருக்கணுமா?" என்றார்.

10. சனிக்கிழமை கொடுக்கப்போவதும் இதே நீல வண்டிகள். விழா அந்த வளைவுக்கு மேலே, ஹுன்னஸ்கிரிய பாடசாலையில். சாவி கொடுத்ததும் இருபத்திரண்டு பேரும் வரிசையாகத் தெல்தெனிய வரை ஊர்வலமாக இறங்கி வர வேண்டும், அங்கே படம் எடுப்பதும் பகல் சாப்பாடும். இவர்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தது பல்லேகலவில் விளையாட்டரங்கின் பக்கமுள்ள சமதரையில். வழியில் ஒரு வண்டியும் நின்று மானம் போகக்கூடாது என்பதற்காக, வெள்ளி மாலையே பாடசாலை மண்டபத்தில் எல்லா வண்டிகளையும் சார்ஜில் மாட்டி, விடியும்போது முழுக்க நிறைத்துவிட ஏற்பாடு. ஏற்பாட்டுக் குழுச் செயலாளரை இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். முதல் தரம் தேநீர் தந்தார். இரண்டாம் தரம், நான் வெள்ளை வண்டிக் கம்பனியின் ஏஜென்சி எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். அந்தக் கதைக்கு என் பதில் இது: என் வியாபாரத்துக்கு நான் வாங்கியதே மூன்று நீல வண்டிகள். ஓட்டிப் பார்த்த மூன்று நிறத்திலும் நல்லது அதுதான். ஆனால் என் வண்டிகள் பல்லேகலவில், கீழே, சார்ஜ் ஏறுகின்றன. முதலில் ஏறிவிட்டுத்தான் இறங்குகின்றன.

11. அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவர் லோஜினி. கணவன் தோளைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். லோஜினியின் நிலையம் கீழ்ப்பிரிவில். விடிவதற்கு முன் தேயிலைக்குள் நடந்து போய்த்தான் பிள்ளைகளுக்குக் கதவு திறக்கிறார். முதலில் சொன்னபோது சிரித்தார். "சார்ஜ் கூடுனா ஆபத்தா? சோறு கூடுனா பசிக்குமா மொதலாளி?" அந்த வளைவுக்குக் கூட்டிப்போய்ச் செய்து காட்டினேன். சிரிப்பு நின்றது. ஆனால் ஊர்வலத்தில் ஓட்டாதவருக்கு வண்டி இல்லை, அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று குழு சொல்லியிருக்கிறது. "பயந்து நின்னா இன்னொரு பொம்பள இதே வண்டியில இதே வளைவுல வருவா. அவளுக்கு இது தெரியக்கூடத் தெரியாது. நானாச்சும் தெரிஞ்சு ஓட்டுறேன்" என்றார். வரிசையில் முன்னால் போகிறவர் தெரிந்து ஓட்டினாலும், தெரியாமல் பின்னால் வருகிறவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று நான் கேட்டேன். அதனால்தான் தங்களிடம் வருகிறேன்.

12. நான் கேட்பது பெரிய காரியம் அல்ல:

அ. வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு நாள், மோட்டார் வாகனப் பரிசோதகர் ஒருவரை அனுப்பி, முழுக்கச் சார்ஜ் ஏற்றிய ஒரு வண்டியைப் பாடசாலை வாசலிலிருந்து மெதுவாக இறக்கிப் பார்க்கச் செய்யவும். வண்டியும் முட்டையும் நான் தருகிறேன். முட்டை உடையாமல் கீழே வந்தால், பொய்ப் புகார் கொடுத்தவன் என்று தாங்கள் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.

ஆ. அதற்கு நேரமில்லையென்றால் விழாவைத் தெல்தெனியவுக்கு மாற்றவும். கீழே சாவி கொடுத்தால் அவர்கள் ஏறித்தான் வீட்டுக்குப் போவார்கள். செலவு எதுவும் இல்லை. படமும் நன்றாக வரும்.

இ. அதுவும் ஆகாதென்றால், வெள்ளி மாலை அந்தச் சார்ஜர்களை மாட்ட விடாதிருக்கும்படி ஒரு வரி எழுதித் தரவும். வண்டியில் மிஞ்சியிருக்கும் அரைச் சார்ஜே இறங்குவதற்குத் தாராளம்.

ஈ. எப்படியாயினும், மேலே குடியிருப்பவர்கள் முழுக்க ஏற்றக் கூடாது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, ஒவ்வொரு வண்டியின் கைப்பிடியிலும் ஒட்டாமல் ஒரு சாவியையும் கையில் எடுக்க வேண்டாம் என்று தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

13. கடைசியாக ஒன்று. மனுவுக்குப் பதில் வரத் தாமதமாகும் என்பது எனக்குத் தெரியும், அலுவலகத்தைக் குறை சொல்லவில்லை. ஆகவே ஒன்றை இப்போதே அறிவித்துவிடுகிறேன். வெள்ளி மாலைக்குள் தங்கள் கட்டளை வராவிட்டால், சனிக்கிழமை விடியும்போது என் லொறி அந்த வளைவில் நிற்கும். மரத்தலைகள் தெரிகிற பக்கத்துக் கல்கட்டை மறைத்து, முட்டை அடுக்க வைத்திருக்கும் உமி மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பேன். பாதையில் அப்படிச் செய்வது குற்றம் என்பதும் தெரியும். தண்டத்தைக் கட்டுகிறேன். லொறியைப் பொலிஸார் இழுத்துக்கொண்டு போகட்டும், அதற்கும் தடையில்லை. ஆனால் கடைசி வண்டி வளைவைத் தாண்டிய பிறகு இழுக்கும்படி மட்டும் அவர்களுக்குச் சொல்லிவைக்கவும்.

மூட்டைகள் கட்டத் தொடங்கிவிட்டோம், ஐயா. ஒரு கை கட்டுப்போட்ட நிலையிலும் சந்திரகுமார் பஸ் ஏறி வந்து கூட நிற்கிறார். இருபத்திரண்டு பேருக்கு இவ்வளவு உமி போதுமா என்று அவர் கேட்ட கேள்வியையும் இந்த மனுவோடு தங்களிடமே ஒப்படைக்கிறேன்.

தங்கள் கட்டளையை எதிர்பார்த்து நிற்கும்,

(ஒப்பம்)
எம்.எஸ்.எம். முனாப்

இடம்: பல்லேகல
திகதி: 18.08.2025

பிரதி: விழா ஏற்பாட்டுக் குழுச் செயலாளர் அவர்களுக்கு, மூன்றாவது தரமாக.