ஆறு மணிச் செய்திக்கு முன்

அண்ணா,

கிழித்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

குடிதண்ணீரில் விஷம் கலந்தது எங்கள் தெருக்காரர்கள்தான் என்று காலையிலிருந்து உன் ஆட்களின் போனில் ஓடுகிறது. சுத்தப் பொய். தண்ணீரைச் சோதித்த டாக்டரிடம் நானே கேட்டு, விஷம் எதுவும் இல்லை என்று வானொலியில் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டேன். "அந்த வீட்டு மருமக, அப்படித்தான் வாசிப்பா" என்கிறார்களாம். போன வெள்ளத்தில் இதே குரலை நம்பித்தானே எல்லாரும் மேட்டுக்கு ஏறினார்கள்?

கடைகள் எரிகின்றன. என் வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை.

மாமனார் வானொலி நிலையத்துக்கு வந்துவிட்டார். வழியில் கல்லடி பட்டு நெற்றியில் கட்டு. அவர்கள் மதத்துக்கு அவர் பெரியவர், நம் மதத்துக்கு நீ. "நான் மட்டும் பேசினா, தன் ஆளுங்களைக் காப்பாத்துறேன்னுதாம்மா சொல்லுவாங்க. உங்க அண்ணனும் பக்கத்துல உக்காந்து, இந்த ரேடியோ சொல்றது உண்மைன்னு சொல்லணும்" என்கிறார்.

ஆறு மணிச் செய்திக்குள் வந்துவிடு. வண்டி உன் வாசலில் நிற்கும். டிரைவர் உன் ஆள்தான், பயப்படாதே.

கல்யாணத்திலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. இப்போதும் பேச வேண்டாம், அண்ணா. மைக்கில் பேசினால் போதும்.

உன் கூடப்பிறந்தவள்