ஆறு மணி ஆஜர்

ஜூன் 2, ஞாயிறு

மாலை ஆறு மணிக்கு அப்பா ஆஜர் எடுத்தார். வழக்கம்போலக் கூடத்தில் வரிசையாக நின்றோம்: அம்மா, நான், தங்கை கொசு. ஓயாமல் ரீங்கரிப்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"மூத்தவ?"

"ஆஜர்."

"சின்னவ?"

"ஆஜர், ஆஜர், பசிக்குது!"

பிறகு வாசல் கதவுக்குப் பூட்டு. சாவி அப்பாவின் சட்டைப் பையில். ராணுவத்தை விட்டு அவர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான். ஆறு வருடமாக, ஆறு மணிக்கு மேல் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பதைச் சேர்க்கக் கூடாது.

ஜூன் 4

இடம் கிடைத்துவிட்டது! விடுதிப் பள்ளியில், பதினொன்றாம் வகுப்பு. ரயிலில் எட்டு மணி நேரம். நூலகத்தில் மட்டும் நாற்பதாயிரம் புத்தகங்கள். தலைமையாசிரியை படிவத்தை நீட்டினார். "அப்பா கையெழுத்து வேணும். இருபதாம் தேதி கடைசி. கர்னல் பொண்ணாச்சே, எவ்ளோ பெருமைப்படுவார்! ஆண்டு மலருக்கு அவரோட வாழ்க்கைக் குறிப்பும் ரெண்டு பக்கம் எழுதிக் குடு."

அப்பா கையெழுத்து. என் மதிப்பெண் அட்டையில்கூட அதை நான் பார்த்ததில்லை. எல்லாவற்றிலும் அம்மாதான்.

ஜூன் 5

படிவத்தை நீட்டி அப்பாவிடம் கேட்டேன். "வேணாம்" என்றார். செய்தித்தாளைக்கூடக் கீழே இறக்கவில்லை.

ஜூன் 8

வாழ்க்கைக் குறிப்பு, முதல் வரைவு: இருபத்தொரு வயதில் லெப்டினன்ட். முப்பத்தெட்டில் காலாட்படை ரெஜிமெண்டின் தளபதி. போரின் இரண்டாம் ஆண்டில், மூன்று நாள் முயன்றும் பிடிபடாத மலை முகட்டைக் கைப்பற்றியதற்காக மிக உயர்ந்த பதக்கம். அடுத்த வருடமே ராணுவத்தை விட்டார்.

ஏன்? அம்மாவைக் கேட்டால், "அப்பாகிட்ட கேளு." அப்பாவைக் கேட்டால், "அம்மாகிட்ட கேளு." நான் என்ன, பந்தா?

தேதிகள் சரிபார்க்க அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். அடியில் ஒரு கட்டு வெற்றுப் படிவங்கள். தலைப்பு: நகர்வு உத்தரவு. அணி, புறப்படும் இடம், நேரம், சேருமிடம், தளபதி கையெழுத்து. என்ன ஒழுங்கு! எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

ஜூன் 11

அழகான கையெழுத்தில் நிரப்பினேன். அணி: மூத்தவள், ஒருவர். ஆயுதம்: பேனா இரண்டு. சேருமிடம்: நூலகம். காலையில் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கண்டிப்பாகச் சிரிப்பார் என்று நினைத்தேன். கொசு வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.

படித்தார். இன்னொரு முறை படித்தார். நான்காக மடித்து, சாவி இருந்த பையிலேயே வைத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. வந்தவர் சாப்பிடாமலே வெளியே போய்விட்டார்.

"எங்கடி கெடச்சுது உனக்கு இது?" அம்மா இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

சும்மா வெளாட்டுக்குத்தானே பண்ணினேன்? நான் என்ன பண்ணிட்டேன் அப்படி?

ஜூன் 12

ஆஜர் எடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 14

சான்றிதழ்களை நகலெடுக்கப் போனேன். நகல் கடைக்காரர் முன்பு அப்பாவின் ரெஜிமெண்டில் டைப்பிஸ்ட். வாய் சும்மா இருக்குமா? படிவக் கதையைச் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டார்.

"அடிப்பாவி! அந்த ஃபாரத்துலயா?"

பிறகு மெதுவாகச் சொன்னார். "முகட்டுக்கு நேர் முன்பக்கமா பதினாலு பேரை அனுப்பினோம். உத்தரவை நான்தான் அடிச்சேன். ஐயா ஜீப்பு மேல வச்சுக் கையெழுத்துப் போட்டார். எதிரி அவங்களையே பாத்துக்கிட்டு இருந்ததாலதான் மத்தவங்க பின்பக்கமா ஏற முடிஞ்சுது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஜர். பதினாலு பேரையும் ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் வராதுன்னு அவருக்குத் தெரியும்."

"அப்ப அந்த உத்தரவு தப்பா மாமா?"

"தப்பா இருந்தா அழுது தீத்திருப்பாரும்மா. சரியான உத்தரவு. அதான் அவரால தாங்க முடியல."

காரணம் தெரியாதவரை கோபமாவது பட முடிந்தது. இப்போது அதுவும் போச்சு. பூட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் அந்தப் பதினாலு பேரில் ஒருத்தி இல்லையே! அதை எப்படிச் சொல்வது — அவரிடம்?

ஜூன் 17

"மூத்தவ?"

"ஆஜர். அப்பா, நான் போனா திரும்பி வந்துடுவேன்." எப்படி வாயில் வந்ததோ!

"அவங்களும் அதான் சொன்னாங்க."

அப்பா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஃபாரத்துல எல்லாத்துக்கும் எடம் இருக்கு. திரும்பி வர்ற நாளுக்கு மட்டும் எடமே கெடையாது."

அவ்வளவுதான். பூட்டினார்.

ஜூன் 20

கடைசி நாள். ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன். மேஜையில், அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் என் விடுதிப் பள்ளிப் படிவம்.

கையெழுத்து இருந்தது. முதல் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல நடுங்கிக்கொண்டு. அதற்குக் கீழே, யாரும் கேட்காத இடத்தில், அடிக்கோல் வைத்து ஒரு கோடு. கோட்டின் மேல்: திரும்பும் நாள், டிசம்பர் 22, மாலை 6.

"இது என்ன கீழ?" என்றார் தலைமையாசிரியை.

"அது விடுதிக்கு இல்ல டீச்சர். எனக்கு."

ஜூலை 9

இங்கேயும் விடுதிக் கதவை ஆறு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள்! சிரிப்பதா அழுவதா? ஆனால் நூலகம் பூட்டுக்கு உட்பக்கம் இருக்கிறது.

கொசுவின் கடிதம் வந்தது: "அக்கா, அப்பா இன்னும் உன்னையும் கூப்பிடறார். பதில் வரலேன்னா பூட்டாம அப்படியே நிக்கறார், எனக்குப் பசி உயிர் போகுது. அதனால உனக்குப் பதிலா நான் 'டிசம்பர் இருபத்திரண்டு'ன்னு கத்தறேன். 'சரி'ன்னு சொல்லிட்டுப் பூட்டறார்."

ரயில் அட்டவணையைப் பார்த்தேன். அன்றைக்கு வண்டி எங்கள் ஊரில் ஐந்து நாற்பதுக்குத்தான் நிற்கும். ஸ்டேஷனிலிருந்து வீடு வரை ஓட வேண்டும்.