ஒரு லோடு செம்மண்

ஜனவரி 9

காலையிலிருந்து விலைப் பலகையை இரண்டு முறை அழித்து எழுதிவிட்டேன். கையெல்லாம் சாக்பீஸ் தூள். தங்கம் தேடும் மெஷினில் சின்னவனுக்கு நாற்பத்தெட்டு என்று எழுதினேன், எதிர்க்கடையில் நாற்பத்தேழு வந்தது. நாற்பத்தாறரை எழுதினேன். டீ குடித்து முடிப்பதற்குள் அங்கே நாற்பத்தாறு. எல்லாம் ஆயிரத்தில். சட்டையிலிருந்து பித்தானைப் பிய்த்துப் போடுகிற மாதிரி ஆளுக்கு ஆள் பிய்த்துப் போடுகிறோம்.

எதிர்க்கடை வேறு யாருடையதாவது இருந்தால் வாயாரத் திட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அது என் தம்பி கடை. இந்தக் கல்லாவில் உட்கார்ந்து தொழில் படித்தவன். போன வருஷம், "அக்கா, தனியா செஞ்சு பாக்குறேன்" என்றான். செய்யடா, நல்லா இரு என்றேன். தெருவைத் தாண்டி நேர் எதிரே செய்வான் என்று யாருக்குத் தெரியும்?

ஜனவரி 12

இன்று வந்த ஒருவர், "ஏர்போர்ட்ல உடம்பைத் தடவிப் பாப்பாங்களே, அந்த மெஷின்தானே இது?" என்று கேட்டார். பாதி சரி என்றேன். அது கத்தியைத் தேடும், இது மண்ணுக்குள் கிடக்கும் தங்கத்தைத் தேடும். மெஷினின் அடியிலிருக்கும் வட்டமான காயிலைத் தரையோடு தரையாக வீச வேண்டும். கீழே உலோகம் இருந்தால் ஹெட்போனில் பாடும். நம் கடையில் இரண்டு வகைதான். சின்னவன் நாற்பத்தாறரை ஆயிரம். பெரியவன் ஒன்றரை லட்சம். ஒரே கம்பெனி.

"வித்தியாசம் என்ன?" என்றார். பின்பக்கத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். தோட்டம் என்று பெயர்தான், புல்கூட முளைக்காது. கடை கட்டியபோது மிஞ்சிய மணலைப் பரப்பி, அரிசி அளவில் ஏழு தங்கப் பொட்டுகளைப் புதைத்து வைத்திருக்கிறோம். ஆறு என் வீட்டுக்காரர் புதைத்தது. ஏழாவதைத் தம்பி மெஷினுக்கு எளிதில் எட்டாத ஆழத்தில் புதைத்தான். எங்கே என்று இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. பீற்றிக்கொள்கிற வாடிக்கையாளர்களின் வாயை அடைக்க அது அவனுடைய ஆயுதம்.

வந்தவர் இரண்டு மெஷினையும் வீசிப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி பாடின. "அப்புறம் எதுக்கும்மா மூணு மடங்கு குடுக்கணும்?" என்றார். கம்பெனி விலை அப்படி என்றேன். சின்னவனை எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஜனவரி 13

தம்பி கடையில் தோட்டம் கிடையாது. ஆளை இங்கே அனுப்புகிறானாம். "அக்கா கடைல போய் ஓட்டிப் பாருங்க, விலையை இங்க வந்து பேசிக்கலாம்." என்ன தைரியம் பாருங்கள். பார்க்க இங்கே, வாங்க அங்கே.

தோட்டத்துக்குள் நுழைய நூறு கட்டணம் என்று எழுதி ஒட்டினேன். இவருக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். நாள் முழுக்க சால்டரிங் புகையில் உட்கார்ந்திருப்பார், வாயைத் திறப்பது அபூர்வம். இன்று திறந்தார். "கோயில்ல செருப்பு விடக் காசு வாங்குற மாதிரி இருக்கு."

இருக்கட்டும்.

ஜனவரி 14

கட்டணம் வைத்ததும் ஒருத்தர்கூட வரவில்லை. கடை காற்று வாங்குகிறது.

ஜனவரி 20

கம்பெனியின் ஏரியா மேனேஜர் வந்தார். எப்போதும் அவசரம், நாற்காலியில் அரையாக உட்காருவார். விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். ஒரே தெருவில் இரண்டு கடை அடித்துக்கொள்வது கம்பெனிக்கு ஆகாதாம். மார்ச் முடிவதற்குள் யார் அதிகம் விற்கிறார்களோ அவர்களுக்கு மட்டும்தான் இனி ஏஜென்சி. மற்றவருக்கு ஒரு மெஷின்கூடக் கிடையாது.

"சொந்தத் தம்பின்னு கேள்விப்பட்டேன்" என்றார் போகும்போது. ஆமாம் என்றேன். அவர் சிரித்தார்.

ஏஜென்சி போனால் இந்தக் கடையில் என்ன விற்பேன்? பேட்டரியா? ஹெட்போன் பஞ்சா? பின்னறையில் பத்து சின்னவன் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. ஏஜென்சி அவனுக்கு வராவிட்டால் அவன் கதை? அதையும் நான்தான் யோசிக்கிறேன். அவன் யோசிக்கிறானா?

ஜனவரி 24

அம்மா தம்பி வீட்டில் இருக்கிறாள். பத்து மணி டீ அவன் கடையில், பதினோரு மணி டீ என் கடையில். அங்கே கேட்டதை இங்கே, இங்கே கேட்டதை அங்கே. அவளிடம் சூதுவாது கிடையாது, வாயில் எதுவும் நிற்காது, அவ்வளவுதான்.

இன்று எனக்கு ஒரு குறுக்குப் புத்தி. "நாளைக்கு நாப்பத்திமூணுன்னு போடப் போறேம்மா" என்று பேச்சுவாக்கில் சொல்லி வைத்தேன். எங்களுக்கு வாங்கும் விலையே நாற்பத்திமூன்றுதான். அவன் மிரண்டு நிறுத்திக்கொள்வான் என்று கணக்கு.

ஜனவரி 25

நிறுத்திக்கொள்ளவில்லை. நாற்பத்திரண்டரை போட்டுவிட்டான். மதியத்துக்குள் மூன்று பெட்டி வெளியே போனது. நஷ்டத்துக்கு விற்கிறான், ஏஜென்சிக்காக. அதற்கு வழி காட்டிக் கொடுத்தது நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிப்ரவரி 2

இவர் இன்று தோட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். என்ன விளையாட்டு என்று கேட்டேன்.

"இந்த மண்ணுதான் பிரச்சினை. இதுல எது போட்டாலும் பாடும்."

அப்புறம் மெதுவாகச் சொன்னார். போன வருஷம்வரை எல்லாரும் ஆற்றங்கரையில்தான் தேடினார்கள். அங்கே மணல். சின்னவன் போதும். இந்த வருஷம் ஆற்றங்கரைக்கு அனுமதி இல்லை, எல்லாரும் மேட்டுக்காட்டுக்குப் போகிறார்கள். அங்கே செம்மண், முழுக்க இரும்பு. சின்னவனுக்கு இரும்பு மண்ணே உலோகமாகத் தெரியும். சும்மாவே கத்தும். பெரியவன் மட்டும்தான் மண்ணையும் தங்கத்தையும் பிரித்துக் கேட்கும்.

"அப்ப தோட்டத்துல செம்மண் போட்டா, பெரியவனுக்கு ஏன் அந்த விலைன்னு எல்லாருக்கும் புரியும்ல?" என்றேன். எனக்கு அப்போதே மூக்கு வேர்த்துவிட்டது. இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் லாரிக்காரருக்குப் போன் போட்டேன்.

பிப்ரவரி 5

மேட்டுக்காட்டிலிருந்து செம்மண் வந்து இறங்கியது. அதற்கு முன் பழைய மணலில் பொட்டுகளைப் பொறுக்க வேண்டியிருந்தது. ஆறு கிடைத்தன. ஏழாவது கிடைக்கவில்லை. லாரிக்காரர் வாடகை ஏறுகிறது என்று நச்சரித்தார். போகட்டும், அவன் புதைத்தது அவனோடு போகட்டும் என்று மணலை அள்ளிப் போகச் சொல்லிவிட்டேன்.

ஆறையும் செம்மண்ணில் புதைத்து மூடினோம். பெரியவன் ஆறுக்கும் பாடியது. அத்தனை சந்தோஷம். பிறகு சின்னவனை எடுத்து வீசினேன்.

கத்துகிறது. தங்கம் இல்லாத இடத்தில் கத்துகிறது, இருக்கும் இடத்திலும் அதே கத்தல்.

இவர் அன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான். பின்னறையில் பத்து பெட்டி இருக்கிறதே, அதை யார் தலையில் கட்டுவது என்று கேட்க வந்திருக்கிறார். நான்தான் காது கொடுக்கவில்லை.

பிப்ரவரி 6

லாரிக்காரர் நம் மணலை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார் என்று இன்று தெரிந்தது. எதிர்க்கடைப் பின்பக்கம். தம்பி விலைக்கு வாங்கியிருக்கிறான். "உன்னை மாதிரியே அவனும் தோட்டம் போடுறான்டி" என்று அம்மா பெருமையோடு சொல்லிவிட்டு டீயை ஆற்றிக் குடித்தாள்.

ஆக, அவன் மணலில் சின்னவன் குயில் மாதிரி பாடும். என் மண்ணில் அதே மெஷின் கழுதை மாதிரி கத்தும். விலையும் அங்கே குறைவு. நானே என் காசைப் போட்டு அவனுக்குக் கடை வைத்துக் கொடுத்திருக்கிறேன்!

பிப்ரவரி 7

தோட்டத்தைப் பூட்டிவிடலாமா? ரிப்பேர் நடக்கிறது என்று ஒரு அட்டை தொங்கவிட்டால் போதும். பத்து பெட்டி போகும்வரை மட்டும்.

அட்டை எழுதிவிட்டேன். மேசை இழுப்பறையில் இருக்கிறது.

பிப்ரவரி 11

சலவைக்கடைக்காரம்மா வந்தாள். தெருமுனையில் கடை, கை இரண்டும் இஸ்திரிச் சூட்டில் பழுத்துப்போனவை. சின்னவன் ஒன்று வேண்டும் என்று பணத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டாள். "எதிர்ல குறைச்சல்தான். ஆனா உன்கிட்ட வாங்குனா ரிப்பேருக்கு அலைய வேண்டாம் பாரு" என்றாள். எவ்வளவு நாள் கழித்து ஒரு விற்பனை. பில் புத்தகத்தை எடுத்துவிட்டேன்.

இவர் சால்டரிங்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அந்தச் சூட்டில் பில்லையும் கிழித்துக் கொடுத்திருப்பேன். சும்மா பார்த்தார்.

"எங்க தேடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"மேட்டுக்காட்டுலதான். வேற எங்க விடுறான்?"

தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். நூறு வாங்கவில்லை. அவள் சின்னவனை வீசிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். "ஏம்மா, இது என் மாமியார் மாதிரி எதுக்கெடுத்தாலும் கத்துது?" பெரியவனைக் கொடுத்தேன். பொட்டுக்கு மேலே வந்ததும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். விலையைச் சொன்னதும் முகம் பழையபடி ஆகிவிட்டது.

பணத்தைத் திரும்பத் துணியில் சுற்றினாள். வாசல்வரை போனவள் நின்றாள். "வாடகைக்குத் தருவியா? கல்யாணத்துக்குக் கோட்டு வாங்கிட்டுப் போறாங்களே என் கடைல. நாலு நாள் போட்டுட்டுத் திருப்பித் தர்றாங்க. அவங்கல்லாம் கோட்டு சொந்தமா வாங்குற ஆளா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். விற்பனை போச்சே என்று வயிற்றெரிச்சல். இவர் மட்டும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்கிறார்.

பிப்ரவரி 14

பெரியவன், ஒரு வாரத்துக்கு நாலாயிரம். உடைத்தால்? தூக்கிக்கொண்டு ஓடினால்? கல்லில் இடித்தால்?

முதல் வாடகை சலவைக்கடைக்காரம்மாவுக்கும் அவள் கூட்டாளிகள் மூன்று பேருக்கும். முறை போட்டுத் தேடுவார்களாம். இழுப்பறை அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

பிப்ரவரி 26

வாடகைக்கு ஆள் வருகிறது. ஆனால் வாடகை விற்பனை ஆகாது. தம்பி இதுவரை இருபத்தாறு விற்றிருக்கிறான் (அம்மா உபயம்). நான் நான்கு. நான்கும் பெரியவன். மேனேஜர் எண்ணிக்கைதான் பார்ப்பார். ஏஜென்சி போனால் வாடகைக்கு விடக்கூட மெஷின் வராது.

எதிர்க்கடையில் வரிசை நிற்கிறது. தம்பி தோளில் துண்டோடு ஓடியாடி மெஷினைக் காட்டிக்கொண்டிருந்தான். சின்ன வயதிலும் இப்படித்தான், ஓடினால் நிற்கத் தெரியாது, விழுந்தால்தான் நிற்பான். ஜெயிக்கிறானே என்று எரிகிறது. விழுந்துவிடுவானோ என்றும் இருக்கிறது. ஒரே நெஞ்சில் எப்படி இரண்டும்?

மார்ச் 8

எதிரே சத்தம். யாரோ மெஷினைக் கவுண்டரில் போட்டு, "உங்க தோட்டத்துல பாடுச்சு, காட்டுல பைத்தியம் மாதிரி கத்துது" என்று கூப்பாடு போட்டார். தம்பி சமாதானம் பேசினான்.

மார்ச் 13

இன்று மூன்று பேர். ஒருவர் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். இவர் தெருவைத் தாண்டிப் போய் நடுவில் நின்று விலக்கிவிட்டு வந்தார். வந்து கை கழுவினார்.

"என்ன சொன்னான்?"

"மாமான்னு கூப்பிட்டான்."

போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கால் பரபரத்தது. போகவில்லை. போனால் வேடிக்கை பார்க்க வந்த மாதிரி இருக்காதா?

மார்ச் 30

மேனேஜர் வந்தார். தம்பி முப்பத்தொன்று விற்றதில் பத்தொன்பது திரும்பி வந்துவிட்டது. நான் விற்றது, வாடகைக்கு எடுத்தவர்கள் வாங்கியதோடு சேர்த்து, பதினான்கு; திரும்பியது ஒன்றுமில்லை. "திரும்பி வர்ற மெஷினைக் கம்பெனி விற்பனையா எடுத்துக்காது" என்றார். ஏஜென்சி எனக்கு. என் பத்து சின்னவனையும் எடுத்துக்கொண்டு பெரியவனாக மாற்றித் தருகிறாராம். இந்த முறை நாற்காலியில் முழுதாக உட்கார்ந்தார்.

அவர் போனபின் இரண்டு கவளத்துக்கு மேல் சோறு இறங்கவில்லை. எதிரே ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

ஏப்ரல் 4

தம்பி வந்தான். ஒரு வருஷத்துக்கப்புறம் இந்த வாசல்படி ஏறுகிறான். இளைத்திருக்கிறான், தாடி வேறு. மேசைமேல் ஒரு தீப்பெட்டியை வைத்தான். திறந்தேன். ஏழாவது பொட்டு.

"உன் மணல்ல வந்துச்சுக்கா. வாங்குன அன்னிக்கே எடுத்துட்டேன்."

"அன்னிக்கே குடுக்கிறதுக்கென்ன?"

"அன்னிக்கு உன்மேல கோவம்."

என்ன கோபம் என்று நான் கேட்கவில்லை, அம்மாவிடம் சொன்ன நாற்பத்திமூன்றாகத்தான் இருக்கும். அவன் இவரைப் பார்த்து, "மாமா, அந்த லாரிக்காரர்கிட்ட சொல்லி வைங்க. ஒரு லோடு செம்மண் வேணும்" என்றான்.

"உங்கிட்டதான் மெஷினே இல்லையே, மண்ணை வெச்சு என்னடா பண்ணப் போற?" என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "பெரியவன் எனக்குக் குடுப்பியா? என்ன விலைக்கு?"

கம்பெனி விலைக்கே தருகிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. நாற்பத்திரண்டரை ஞாபகம் வந்தது. "மேல ரெண்டாயிரம் வெச்சுத்தான் தருவேன்" என்றேன்.

அவன் நிமிர்ந்தான். "அதானே பாத்தேன். எங்க சும்மா குடுத்துடுவியோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தான். இவர் மூன்று டீ வாங்கிவரப் போனார்.

ஏப்ரல் 19

அம்மா இன்று பதினோரு மணி டீக்கு வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பதறிப் போய்ப் போன் போட்டேன்.

நன்றாகத்தான் இருக்கிறாள். "ரெண்டு கடையிலயும் ஒரே விலைதானேடி, வந்து என்னத்தைச் சொல்ல?" என்றாள்.