ஒரு மாத்திரை குறைகிறது

செவ்வாய் வடமுகாம். பதிவு: ஜெபராணி, பொறியாளர்.

நாள் 201, காலை 10:40
ஐந்தாவது கொடை முடிந்தது. எண்பது நிமிடம். பை நிறைந்தது.

இதைக் கண்டெடுப்பவருக்கு நிலவரம். முகாமில் இருவர்தான்: நானும் புவியியலாளர் சங்கரலிங்கம் அண்ணாச்சியும். மூன்று வாரம் முன்பு சூரியப் புயல் அடித்தபோது அவர் வெளியே பாறை பொறுக்கிக்கொண்டிருந்தார். கதிர்வீச்சு அவருடைய எலும்பு மஜ்ஜையை முடக்கிவிட்டது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அவர் உடம்பில் இப்போது உண்டாவதில்லை. மீட்புக் கலம் வர இன்னும் பன்னிரண்டு நாள். அதுவரை என்னுடையதை வைத்து ஓட்ட வேண்டும்.

கிருமி அண்டாமலிருக்க அவர் மருத்துவ அறைக்குள் அடைபட்டிருக்கிறார். சுவரில் இருபக்கமும் திறக்கும் பெட்டி ஒன்று உண்டு. அதன் வழியே பை உள்ளே போகும், கால்சியம் மாத்திரை வெளியே வரும். இயந்திரம் என் ரத்தத்தைச் சுழற்றி, தட்டணுவைப் பிரித்துக்கொண்டு, மீதியைச் சில்லென்று திருப்பி அனுப்பும். அதில் கலந்து வரும் உறைதடுப்பு மருந்தால் உதடு மரத்துப்போகும். அதற்குத்தான் கால்சியம்.

உள்பேசியில் சங்கரலிங்கம்: "ஏம்மா ஜெபா, ஒன் சரக்கு ஏறுனதுலேர்ந்து எனக்கு மீன் கொழம்பு கனவா வருது. பரம்பரைச் சைவம், பாத்துக்க. ஊருக்குப் போனா எப்படி முழிப்பேனோ!"

நாள் 204, காலை 08:30
ஆறாவது கொடை நடக்கவில்லை. காரணம்: கொடையாளர் நேற்று ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டார்.

நாள் 204, இரவு 21:15
காலையில் எழுதியது பொய். நான் ஆஸ்பிரின் எடுக்கவில்லை.

இரண்டு முழங்கையும் நீலம் பாரித்துக் கிடக்கின்றன. காலையில் அந்த நாற்காலியைப் பார்த்ததும் வெறுப்பாக வந்தது. ஒரே ஒரு நாள் ஊசியில்லாமல் இருக்க ஆசைப்பட்டேன். கொடைக்கு முன் இயந்திரம் வழக்கமாகக் கேட்கும்: வலி மாத்திரை ஏதும் எடுத்தீர்களா? 'ஆம், ஆஸ்பிரின்' என்று அழுத்தினேன். நாளைக்குத் தள்ளிப்போடும் என்றுதான் நினைத்தேன். திரையில் வந்தது: "ஆஸ்பிரின் பட்ட தட்டணு ரத்தத்தை அடைக்காது. மூன்று நாள் தடை." இந்தத் தடையை நீக்கப் பூமியிலிருக்கும் மருத்துவரின் குறியீடு வேண்டும். அதாவது, பொய் சொன்னேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அண்ணாச்சியின் தட்டணு எண்ணிக்கை இரண்டு நாள் தாங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கணக்கில் நான் கெட்டிக்காரிதான்.

இன்னொன்று இப்போதுதான் உறைக்கிறது. மருந்து அலமாரி அண்ணாச்சியின் அறையில் இருக்கிறது. அவரைக் கேட்காமல் எனக்கு ஏது ஆஸ்பிரின்?

காலையில் அவரிடமும் ஆஸ்பிரின் என்றுதான் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நாள் 205, மாலை 17:00
உள்பேசியில் சங்கரலிங்கம்: "கொரலு தெளிவா இருக்கே. நல்லா தூங்குனியோ? தூங்கு, தூங்கு. நான் எங்க ஓடிறப் போறேன்?"

நன்றாகத்தான் தூங்கினேன். அதுதான் குத்துகிறது. நாளைக் காலையில் சொல்லிவிடுவேன்.

நாள் 206, காலை 05:50
அண்ணாச்சிக்கு ஈறில் ரத்தம் நிற்கவில்லை. தலை வலிக்கிறது என்கிறார். ஒன்றரை லட்சம் இருக்க வேண்டிய எண்ணிக்கை ஆறாயிரத்துக்கும் கீழே. மருத்துவர் மைமூனுக்கு உண்மையை அனுப்பிவிட்டேன். செய்தி போகப் பதினெட்டு நிமிடம், வரப் பதினெட்டு.

06:31
பூமியிலிருந்து மைமூன்: "ஜெபா, நீங்க ஆஸ்பிரின் சாப்பிடவே இல்லைன்னு சொல்றீங்க. ஆனா சங்கரலிங்கம் சார் நேத்து அனுப்புன மருந்துக் கணக்குல ஒரு ஆஸ்பிரின் குறையுது. உங்களுக்குக் கொடுத்ததா அவரே எழுதியிருக்கார். பயத்துல மாத்திச் சொல்றீங்களா? அந்தத் தட்டணு வேலை செய்யாட்டி, உங்ககிட்ட மறுபடி எடுக்கவும் மூணு நாள் ஆகும், அவருக்கு ஒண்ணுமே மிஞ்சாது. ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்க, உடனே குறியீடு அனுப்புறேன்."

அவர் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஏன் அப்படி எழுதினார்?

06:36
உள்பேசியில் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதுகொண்டே சொன்னதில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது.

சங்கரலிங்கம்: "விடும்மா. தெரியும். மேலெடத்துல ஒன்னக் கேள்வி கேப்பாவளேன்னுதான் நானும் ஒண்ணு கொறச்சு எழுதுனேன். இப்படி ஆவும்னு கண்டேனா? டாக்டரம்மா, நான் இவளுக்கு மாத்திரை ஒண்ணும் கொடுக்கல. அந்தத் தடைய எடுத்துவிடுங்க."

எங்கள் இருவர் குரலும் பூமிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இன்னொரு முப்பத்தாறு நிமிடம்.

07:14
குறியீடு வந்தது. ஊசியை நானே குத்திக்கொண்டேன். இடது கையால் எழுதுகிறேன்.

07:40
உதடு மரக்கிறது. கால்சியம் கேட்கவில்லை. அவர் எழுந்திருக்கக் கூடாது.

சங்கரலிங்கம்: "கால்சியம் போட்டியா? பொட்டியில வச்சிருக்கேன், பாரு."

08:05
சங்கரலிங்கம்: "லைட்ட ஏன் அணைச்ச?"

விளக்கு எரிகிறது. வேகத்தைக் கூட்டினேன். இயந்திரம் கத்துகிறது. கத்தட்டும்.

08:20
பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. பை முக்கால். அண்ணாச்சி, இன்னும் பத்து நிமிடம். பத்தே

08:33
பை நிறைந்தது. பெட்டிக்குள் வைத்தேன். உள்ளிருந்து எடுக்க ஆளில்லை. கிருமியாவது ஒன்றாவது என்று கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

நாள் 206. நேரம் பார்க்கவில்லை.
அவரைக் கிடத்திப் போர்த்திவிட்டேன்.

பை இப்போது ஆட்டும் தட்டில் இருக்கிறது. தட்டணு கட்டிக்கொள்ளாமலிருக்க அதை ஓயாமல் ஆட்ட வேண்டும். இளமஞ்சளாக, நல்ல பை. ஐந்து நாள் கெடாது. தட்டை நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

பெட்டியில் இரண்டு கால்சியம் இருந்தன. அலமாரியில் ஆஸ்பிரின் அட்டையைப் பார்த்தேன். ஒன்று குறைகிறதுதான். கத்தரியால் நறுக்கென்று வெட்டி எடுத்திருக்கிறார். அவருடைய சட்டைப்பையில் அது உறை பிரியாமல் கிடந்தது.

இயந்திரம் கேட்கிறது: கொடை பயன்படாததன் காரணம்? பதில் தராமல் கோப்பை மூட விடாது. கொடுத்திருக்கும் காரணங்களில் எதுவும் பொருந்தவில்லை. 'மற்றவை' என்பதைத் தொட்டுக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.

ஏற்றுக்கொண்டது.